கெத்தாரியா பாலென்சியாகா அருங்காட்சியகம்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் பகுதியில், கெத்தாரியா என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் உடை வடிவமைப்பாளர்களில் தையல் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயரான கிறிஸ்டோபல் பாலென்சியாகா பிறந்தது அங்கேதான். அவருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் அந்த ஊரில் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. ஃபேஷன் படிக்கிற பிள்ளைகள், தையல் கடை வைத்திருப்பவர்கள், ஸ்பெயின் பயணத்தின் நடுவே ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பாலென்சியாகா என்றால் அந்த விலை உயர்ந்த ஷூவும் ஹூடியும் விற்கிற கம்பெனிதானே?

பெயர் அதேதான், ஆனால் நீங்கள் பார்க்கப்போவது அது இல்லை. கிறிஸ்டோபல் பாலென்சியாகா 1895 முதல் 1972 வரை வாழ்ந்தவர். 1937-ல் பாரிஸில், ஜார்ஜ் ஐந்து அவென்யூ 10-ம் எண்ணில் தன் உடையகத்தைத் திறந்தார், 1968-ல் தானே இழுத்து மூடினார். மூடியபின் அவர் பெயரை வைத்து வேறு ஆட்கள் நடத்தியதுதான் இன்றைய கம்பெனி, இப்போது அது கெரிங் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது. 2021-ல் அதே முகவரியில், 53 வருஷ இடைவெளிக்குப் பிறகு, அளவெடுத்துத் தைக்கும் உடைகளை மறுபடி ஆரம்பித்தார்கள்.

அருங்காட்சியகம் தனி அமைப்பு. பாஸ்க் அரசு, கிபுஸ்கோவா மாகாண நிர்வாகம், கெத்தாரியா நகராட்சி, ஸ்பெயின் கலாசார அமைச்சகம் எல்லாம் சேர்ந்த ஒரு அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஷூ பார்க்கலாம் என்று ஆசையாகக் கூட வருகிற கல்லூரிப் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீனவர் ஊரில் பிறந்த பையன் பாரிஸ் வரை எப்படிப் போனார்?

இதற்குப் பதில் அந்த ஊரின் இருப்பிடத்திலேயே பாதி இருக்கிறது. பக்கத்து நகரமான சான் செபஸ்தியான் அந்தக் காலத்தில் ஸ்பெயின் அரச குடும்பத்தின் கோடைவாசஸ்தலம். மாட்ரிட் வெயிலுக்குத் தப்பி ராஜா வந்தால் பின்னாலேயே பிரபுக்கள் குடும்பங்களும் வரும், அவர்களோடு பெட்டி பெட்டியாகப் பாரிஸ் உடைகளும் வரும். கடற்கரை முழுக்க அவர்களுடைய கோடைவீடுகள். கெத்தாரியாவில் அப்படி வந்து தங்கியவர்கள் காசா தோரெஸ் என்ற பிரபுக் குடும்பம்.

பாலென்சியாகாவின் அப்பா கடலில் தொழில் செய்தவர், பையன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மார்த்தினா எய்சாகிர்ரே தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிரபு வீட்டுக்கும் தைத்துக்கொடுத்தார். அம்மாவோடு போய்வந்த பையன் அங்கிருந்த உடுப்புகளைக் கண்கொட்டாமல் பார்த்ததாகவும், பிரபுவின் மனைவி தன் பாரிஸ் உடை ஒன்றைப் பார்த்து அதேபோல் தைத்துக் காட்டச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதையின் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும், அதை விடுங்கள். பன்னிரண்டு வயதிலேயே சான் செபஸ்தியானில் வேலை கற்கப் போய்விட்டார் என்பது நிச்சயம். 1917-ல் அதே நகரத்தில் முதல் கடை. பிறகு மாட்ரிட், பார்சிலோனா என்று வளர்ந்தார். 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் நாட்டை விட்டுக் கிளம்பி, மறு வருஷமே பாரிஸில் கடை போட்டார்.

அருங்காட்சியகம் அந்தப் பிரபுக் குடும்பத்தின் பழைய மாளிகையையும், அதை ஒட்டி மேட்டின்மேல் கட்டிய புதுக் கண்ணாடிக் கட்டடத்தையும் சேர்த்ததுதான். அம்மா துணியை எடுத்துக்கொண்டு ஏறிப்போன வீட்டுக்குப் பக்கத்தில் இப்போது மகனுடைய உடைகள்! அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை இருக்கத்தானே செய்யும்.

எனக்குத் தையலும் தெரியாது, ஃபேஷனும் தெரியாது. போரடிக்காதா?

எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்னால் நின்று "அழகாயிருக்கு, அழகாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தால் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், நிச்சயம் போரடிக்கும். பாலென்சியாகாவிடம் கண்ணைப் பறிக்கிற வேலை குறைவு. கருப்பு, பழுப்பு, சாம்பல் என்று ஏகப்பட்ட உடைகள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கோட்டு, ஒரு கவுன், அவ்வளவுதான்.

ஆனால் துணியை வெட்டித் தைத்து ஒருமுறையாவது கைக்குழி சரியாக உட்காராமல் பிரித்தவர்கள் அங்கே ஒரு உடுப்பின் முன்னாலேயே அரை மணி நேரம் நிற்பார்கள். தைக்கத் தெரியாதவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள், உடையைச் சுற்றி வந்து முதுகைப் பாருங்கள். அவருடைய வேலையில் பாதி முதுகில்தான் இருக்கிறது.

சரி, சுற்றி வந்து எதைப் பார்ப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்புக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. அவர் காலத்தில், குறிப்பாக 1947-க்குப் பிறகு, பாரிஸின் இன்னொரு வடிவமைப்பாளரான கிறிஸ்தியான் தியோர் கொண்டுவந்த ஒடுங்கிய இடுப்பும் விரிந்த பாவாடையும்தான் உலகம் முழுக்க ஓடியது. உள்ளே இறுக்குக் கச்சை போட்டால்தான் அது நிற்கும். பாலென்சியாகா மெல்ல மெல்ல எதிர்த்திசையில் போனார். 1951-ல் முன்பக்கம் உடம்போடு ஒட்டி, பின்பக்கம் தளர்ந்து தொங்கும் சூட்டு. 1955-ல் நேராக இறங்கும் ட்யூனிக். 1957-ல் இடுப்பே இல்லாத சாக்கு உடுப்பு. இதைப் பார்த்துப் பத்திரிகைகள் கேலி செய்தன, அப்புறம் அடுத்த பத்து வருஷம் எல்லோரும் அதையே தைத்தார்கள்.

இதில் இன்னொரு நல்ல விஷயம், அவருடைய வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் நடுவயதுப் பெண்கள். கொஞ்சம் வயிறு போட்டிருந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று அவர் கடையில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதுகில் தளர விட்ட துணியும், சற்று மேலே ஏற்றிவைத்த முன் இடுப்பும் எதற்கு என்று அப்போது புரியும்.

இரண்டாவது, கழுத்தும் கையும். காலர் கழுத்தைத் தொடாமல் பின்னால் தள்ளி நிற்கும், அதனால் கழுத்து நீளமாகத் தெரியும், முத்துமாலை போட்டால் அதுவும் தெரியும். கை முழுநீளம் வராது, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும், வளையலுக்கு இடம் வேண்டுமே. கை வைப்பதில் அவருக்கு இருந்த பைத்தியம் ஊரறிந்தது. முழுதாகத் தைத்து முடிந்த கோட்டின் கையைப் பிய்த்து மறுபடி வைப்பார், திருப்தி இல்லையென்றால் மறுபடியும் பிய்ப்பார். அதனால் தோள் இணைப்பை உற்றுப் பாருங்கள்: கட்டம் போட்ட துணியாக இருந்தால் உடலில் உள்ள கட்டமும் கையில் உள்ள கட்டமும் எங்கே சேர்கின்றன, கையைத் தூக்கினால் மொத்தக் கோட்டும் ஏறுமா ஏறாதா என்று மனசுக்குள் போட்டுப் பாருங்கள்.

1961-ல் ஒரே தையலில் ஒரு கோட்டு செய்தார். ஒரே துணியை வெட்டி, ஒரு இடத்தில் மட்டும் இணைத்து, மீதி உருவத்தை டார்ட்டுகளாலேயே (துணியைக் கிள்ளி மடித்துத் தைக்கிற மடிப்புகள்) கொண்டுவந்திருப்பார். கைக்கென்று தனித்துண்டு கிடையாது. இதை விளக்கும் வெட்டுப்படம் எங்கேயாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், தரையில் விரித்த ஒரு விசித்திர உருவம் எப்படி ஒரு கோட்டாக எழுந்து நிற்கிறது என்று பார்ப்பதில் ஒரு புதிர் அவிழ்க்கிற சுகம் இருக்கிறது.

இன்னொன்று 1958-ன் பேபிடால். வெளியே லேஸ் துணி, தோளிலிருந்து இடுப்பைத் தொடாமலேயே கூடாரம் மாதிரி விரிந்து இறங்கும், முழங்கால் பக்கம் ஃப்ரில். உள்ளே உடம்பை ஒட்டின கருப்பு உடுப்பு. லேஸின் ஓட்டைகள் வழியாக உள்ளே இருக்கிற உருவம் மங்கலாகத் தெரியும், நீங்கள் நகர நகர அதுவும் மறைந்து மறைந்து வரும். படத்தில் இது வரவே வராது, படத்தில் அது வெறும் கருப்பு முக்கோணம். நேரில் போவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கசார், கசார் என்கிறார்களே, அது என்ன துணி?

பட்டுதான், ஆனால் விறைப்பான பட்டு. சுவிட்சர்லாந்தின் ஆப்ரகாம் என்ற துணி நிறுவனத்தில் குஸ்டாவ் சும்ஸ்டெக் என்பவர் பாலென்சியாகாவுக்காக 1958-ல் உருவாக்கினார். நன்றாக முறுக்கிய இழையில் நெய்தது. மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும், உப்பினால் உப்பின இடத்தில் நிற்கும், அதனால் உள்ளே கம்பியோ பஞ்சோ வைக்காமலேயே பெரிய பெரிய உருவங்களைக் கொண்டுவர முடிந்தது. அவருடைய 1960-களின் உடைகள் சிற்பம் மாதிரி இருப்பதற்கு இந்தத் துணி ஒரு பெரிய காரணம். ஆர்கன்சாவைக் கையாண்டவர்களுக்கு ஓரளவு பிடிபடும், ஆனால் இது இன்னும் கனம்.

1967-ல் இந்தத் துணியில் உறை உடுப்பு என்று ஒன்று செய்தார். தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகி நான்கு முனைகளோடு நிற்கும் கருப்பு உருவம். விற்றதே இரண்டுதான், அதிலும் ஒன்றை வாங்கிய அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் போக முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். உடுப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு? கண்ணே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னார்.

வெளிச்சம் துணியைத் தின்னும். சாயம் வெளுக்கும், பட்டு இழை நொறுங்கும், போன நிறம் திரும்பியே வராது. அதனால் பழைய துணிகளைக் காட்டும் இடங்களில் உலகம் முழுக்க வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். நம் அலுவலகங்களில் மேஜைமேல் விழுவது 300, 500 லக்ஸ். கெத்தாரியாவில் வெளியே கடல் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசும், அதிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் குருடாகிவிட்ட மாதிரிதான் இருக்கும். முதல் அறையில் அவசரப்படாமல் ஐந்து நிமிஷம் நில்லுங்கள், கண் பழகிவிடும். முக்கியமாக, கருப்பு உடைகளை முதல் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். கருப்பிலேயே அவர் வெல்வெட், லேஸ், சாட்டின் என்று மூன்று நான்கு கருப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்திருப்பார்.

தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. விரல் ஈரம் போதும் பட்டைக் கெடுக்க.

ஒரு குறிப்பிட்ட உடையைப் பார்ப்பதற்காகவே போகிறேன். இருக்குமா?

உறுதி சொல்ல முடியாது. துணியை வருஷக்கணக்கில் பொம்மைமேல் தொங்கவிட்டால் அதன் எடையே அதை இழுத்துக் கெடுக்கும், வெளிச்சம் வேறு. அதனால் கொஞ்ச காலம் காட்டிவிட்டு, எடுத்து அமிலமில்லாத தாள் வைத்துப் படுக்கப்போட்டு ஓய்வு கொடுப்பார்கள். சேகரிப்பில் ஆயிரக்கணக்கான உருப்படிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் வெளியே இருப்பது கொஞ்சம்தான். பெல்ஜியம் ராணி ஃபாபியோலா 1960-ல் தன் கல்யாணத்துக்குப் போட்டது பாலென்சியாகா செய்த உடைதான், காசா தோரெஸ் குடும்பத்தின் வழிவந்தவர் அவர். அந்த உடையைப் பின்னாளில் இந்த அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். அது இருக்கும் என்று நம்பிப் போய் இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும், ஆகவே கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தில் இப்போது என்ன கண்காட்சி ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சில உடைகளில் எய்சா என்று லேபிள் இருக்கிறதாமே, அது டூப்ளிகேட்டா?

இல்லை, அதுவும் அவருடையதே. ஸ்பெயினில் அவர் நடத்திய கடைகளுக்கு அந்தப் பெயர், அம்மாவின் குடும்பப் பெயரான எய்சாகிர்ரேயின் சுருக்கம். பாரிஸ் வடிவங்களை அங்கேயும் தைத்தார்கள், கூலி குறைவு என்பதால் விலையும் குறைவு. கையைப் பார்த்துச் செலவழிக்கிற பணக்காரர்கள் மாட்ரிட் போய்த் தைத்துக்கொண்டதும் உண்டு. லேபிளைப் பார்த்து உடையை மதிப்பிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன், எய்சா வேலை பாரிஸ் வேலைக்குக் கொஞ்சமும் இளைத்தது கிடையாது.

நம் ஊர்ப் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா?

வலிந்து தேட வேண்டாம். ஆனால் 1960-களில் அவர் புடவையைப் பார்த்து உடம்பைச் சுற்றித் தோளில் விழுகிற மாலை உடுப்புகள் செய்திருக்கிறார். நாம் தினமும் கட்டுகிற ஒன்றை அவர் தையல் போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். மற்றபடி அவருக்குப் பெரிய ஊற்று ஸ்பெயின்தான். பழைய ஓவியங்கள், பாதிரியார் அங்கிகள், காளைச் சண்டை வீரர்களின் குட்டை ஜாக்கெட், ஃபிளமென்கோ ஃப்ரில் எல்லாம் வரும். 1939-ல் செய்த இன்ஃபான்டா உடை பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் வரைந்த குட்டி இளவரசியிடமிருந்து நேராக வந்தது. மாட்ரிட்டின் தைசன் அருங்காட்சியகம் 2019-ல் அவருடைய உடைகளையும் பழைய ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. 1951-ல் வந்த தளர்ந்த மேல்சட்டை ஒன்று இந்தக் கரையோர மீனவர்களின் சட்டையிலிருந்து எடுத்தது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே துறைமுகத்துக்கு இறங்கினால் அது இன்னும் நன்றாக உறைக்கும்.

கோடீஸ்வரிகளின் உடுப்பை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?

நியாயமான கேள்வி. மோனா பிஸ்மார்க் என்று ஒரு அம்மாள் தோட்ட வேலைக்குப் போடுகிற அரைக்கால் சட்டையைக்கூட பாலென்சியாகாவிடம்தான் தைத்துக்கொண்டார். 1968-ல் பாலென்சியாகா கடையை மூடியபோது அந்த அம்மாள் அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் அழுதார் என்றும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் மனைவி இவருடைய வாடிக்கையாளர். 1972 மார்ச்சில் அவர் பேத்தியின் கல்யாண உடைதான் பாலென்சியாகாவின் கடைசி வேலை, அது முடிந்து சில நாட்களிலேயே இறந்துபோனார். இதையெல்லாம் மறந்துவிட்டுக் கலை, கலை என்று மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அதே நேரம், அந்த உடுப்புகளில் போட்டவர்களின் கை ஒன்றும் இல்லை, தைத்தவர்களின் கைதான் இருக்கிறது. பாரிஸ் கடையின் மேல்மாடிகளில் உட்கார்ந்து ஊசி பிடித்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கேயும் எழுதப்படவில்லை. ஹெம்மிங்கில் ஒரு தையல்கூட வெளியே தெரியாதபடி எடுத்திருப்பார்களே, அதைப் பார்க்க நான் காசு கொடுப்பேன். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதால்தான் இந்த மதிப்பு. வரைந்து, வெட்டி, இணைத்து, கையால் தைத்து முடிப்பது வரை எல்லாம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், நாங்கள் மற்றவர்கள் வெறும் வடிவமைப்பாளர்கள் என்ற பொருளில் பாரிஸின் பெரிய வடிவமைப்பாளரான ஷனேலே சொன்னதாகச் சொல்வார்கள், அந்த அம்மாள் யாரையும் சுலபமாகப் புகழ்கிறவர் இல்லை.

அப்புறம், அவர் கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று ஏர் பிரான்ஸ் பணிப்பெண்களின் சீருடை. ஏராளமான பெண்கள் தினமும் போட்டு வேலை செய்ய வேண்டிய உடுப்பு.

போட்டோ எடுக்கலாமா?

கண்காட்சிக்குக் கண்காட்சி விதி மாறும், நுழையும்போதே கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் ஃபிளாஷ் வேண்டாம். மாணவர்களுக்கு என் சிபாரிசு, போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு பென்சிலால் வரைவது. பேனா பல அருங்காட்சியகங்களில் அனுமதி இல்லை, பென்சில் கொண்டுபோங்கள். தையல் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வரைய முயன்றால்தான் நமக்கு எது புரியவில்லை என்பதே தெரியும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

சாதாரணமாக ஒன்றரை மணி நேரம். தைப்பவர்களுக்கு அரை நாள். கூட வந்தவர் பொறுமை இழந்தால் அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே பொழுதுபோகும்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரும்பாலானவர்கள் பில்பாவோவில் இறங்குவார்கள், அங்கிருந்து சான் செபஸ்தியானுக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்போல. பஸ்ஸிலும் நிலையத்திலும் அந்த நகரத்தின் பாஸ்க் பெயரான டொனோஸ்தியா என்று எழுதியிருக்கும், தவறான பஸ் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சான் செபஸ்தியானிலிருந்து கெத்தாரியா சுமார் 25 கிலோமீட்டர். லுர்ரால்தெபுஸ் என்ற பஸ்கள் போகின்றன, வழியில் நின்று நின்று போவதால் முக்கால் மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கெத்தாரியாவுக்குள் வராது. பக்கத்து ஊரான சராவுட்ஸ் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், அல்லது நடக்கலாம். சராவுட்ஸிலிருந்து கடலை ஒட்டியே நாலு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, மழை இல்லாத நாளில் பஸ்ஸை விட்டுவிட்டு இதில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அலை பெரிதாக இருக்கும் நாளில் பாதைமேல் தெறிக்கும், துணிமணி பார்த்து.

அருங்காட்சியகம் மேட்டில் இருப்பதால் ஊருக்குள்ளிருந்து ஏற்றம் உண்டு, வெளியே நகரும் படிகள் இருப்பதால் மூட்டுவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். சக்கர நாற்காலியோடு வருபவர்கள் முன்கூட்டியே அவர்களிடம் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை, ஆகஸ்டில் கடற்கரைக் கூட்டம் அள்ளும், பஸ்ஸில் நிற்க வேண்டியிருக்கும். மே, ஜூன், செப்டம்பர் நல்லது. குளிர்காலத்தில் நேரம் குறைவாகத் திறப்பார்கள். வருஷத்தின் பெரும்பகுதியில் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடை எந்த மாதமானாலும் வேண்டும், அந்தப் பக்கத்துத் தூறலுக்குக் காலநேரம் கிடையாது.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் இருட்டும் அமைதியும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. எட்டு வயதுக்கு மேல், அதுவும் கையில் காகிதம் மடித்து உருவம் செய்கிற பிள்ளையாக இருந்தால், ஒரு துண்டுத் துணியில் கோட்டு செய்த கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். நம்மைவிட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஊரே தெருவில் கரி அடுப்பு வைத்து மீன் சுடுகிற ஊர், தெருவுக்குத் தெரு அந்த மணம்தான். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். இல்லையென்றால் எண்ணெயில் பொரித்த பச்சை மிளகாய் (காரமே இருக்காது), தக்காளி, ரொட்டி. சாலட்டில் கேட்காமலேயே சூரை மீனைத் தூவிவிடுவார்கள், ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அசைவக்காரர்களுக்கு யோகம், முழு டர்பட் மீனைக் கரியில் சுட்டுக் கொடுப்பதற்கென்றே தூர தேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், விலையும் அப்படித்தான் இருக்கும்.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

முதன்முதலில் உலகைச் சுற்றிவந்த கப்பலை 1522-ல் கரை சேர்த்த எல்கானோ இந்த ஊர்க்காரர், அவருக்குச் சிலைகள் உண்டு. சான் சல்வதோர் தேவாலயத்தின் உள்தரை சாய்வாக இருக்கும், உள்ளே நடக்கும்போது நாமே சாய்கிறோமோ என்று தோன்றும். எலி மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சான் அந்தோன் குன்றில் ஏறலாம். பாலென்சியாகாவின் கல்லறையும் இதே ஊர் இடுகாட்டில்தான்.

கெத்தாரியா போக வசதிப்படாது. வேறு எங்கே பார்க்கலாம்?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அவருடைய நல்ல உடைகள் இருக்கின்றன. மெட்ரோபாலிட்டன் 1973-லேயே, அவர் இறந்த மறு வருஷம், அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. லண்டனில் 2017-ல் நடந்த கண்காட்சியில் நிக் வீஸி என்ற கலைஞர் சில உடைகளை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: உடுப்பு விறைப்பாக நிற்பதற்காக உள்ளே ஒளிந்திருக்கும் கம்பிகள், துணி சரியாக விழுவதற்காக ஓரத்தில் வைத்துத் தைத்த குட்டி எடைகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. இந்த இரண்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களிலும் அவர் பெயரைத் தட்டினால் உடைகளின் படங்களை இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். பல உடைகளுக்குப் பின்பக்கப் படமும் போட்டிருப்பார்கள், அதை முதலில் திறந்து பாருங்கள்.